குறைமாதக் குழந்தையின் கண்ணில் ஊசி... என்னென்ன சிக்கல்கள் வரலாம்? பெற்றோர் எதை கவனிக்கணும்?

"கண்ணுக்குள்ள ஊசியா? அதுவும் பச்சக் குழந்தைக்கா?" குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் பதறிப்போய் கேட்கும் கேள்வி இது. இந்த ஊசி எதற்கு? ஆபத்து உண்டா?

எதற்காக இந்த ஊசி?

விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பிரசவ மாதம் வரை வளர்பவை. முன்கூட்டியே பிறந்தால் அந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். பிறகு விஇஜிஎஃப் என்ற புரதம் அதிகமாகச் சுரந்து, தாறுமாறாகப் புதிய குழாய்கள் முளைக்கும். இதுதான் ஆர்ஓபி. முற்றினால் விழித்திரை பிரிந்து பார்வையே பறிபோகலாம். அந்தப் புரதத்தைக் கட்டுப்படுத்தவே பெவாசிசுமாப், ரானிபிசுமாப் போன்ற மருந்துகள் கண்ணுக்குள் செலுத்தப்படுகின்றன.

என்னென்ன சிக்கல்கள்?

* கிருமித்தொற்று: அரிதுதான். ஆனால் வந்தால் அவசர சிகிச்சை தேவை.

* கண்புரை: குழந்தையின் கண் சிறியது, லென்ஸ் பெரியது. ஊசி லென்ஸில் பட்டால் கண்புரை வரலாம். அதனால்தான் பெரியவர்களுக்குப் போடும் இடத்தைவிட கருவிழிக்கு நெருக்கமாக ஊசி போடுகிறார்கள்.

* விழித்திரை விலகல்: நோய் முற்றிய நிலையில் ஊசி போட்டால், குழாய்களோடு வளர்ந்த தழும்புத் திசு சுருங்கி விழித்திரையை இழுக்கலாம்.

* நோய் திரும்புவது: 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பெவாசிசுமாப் போட்ட கண்களில் நோய் திரும்பியபோது, அது சராசரியாக 16 வாரம் கழித்தே தெரிந்தது. லேசர் செய்த கண்களில் சுமார் 6 வாரம்.

* உடலில் தாக்கம்: மருந்தில் கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். மூளை, நுரையீரல் வளர்ச்சியை அது பாதிக்குமா என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

அப்போ லேசரே போதுமா?

லேசர், விழித்திரையின் ஓரப்பகுதியை நிரந்தரமாக அழித்துவிடும். பின்னாளில் அதிக மைனஸ் பவர் வரும் வாய்ப்பும் கூடுதல். நோய் விழித்திரையின் நடுப்பகுதியில் இருந்தால் ஊசி நல்ல பலன் தருகிறது. எது சரி என்பதை கண்ணின் நிலையைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

பெற்றோர் செய்ய வேண்டியது

ஊசி போட்ட பின் கண் சிவப்பு, இமை வீக்கம், சீழ், கருவிழி வெளுத்துத் தெரிவது... இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று செக்-அப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வரும் நோய் வெளியே தெரியாது.

இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். ஊசியைவிட ஆபத்தானது தாமதம்தான்!