பொட்டிப்புரத்தை பைத்தான் ஏன் துண்டாக்குது?

இன்னைக்கு பைத்தான்ல ரெஜெக்ஸ், அதுவும் தமிழ்ல தேடுறதுக்கு.

தேனி மாவட்டத்துல பொட்டிப்புரம்னு ஒரு ஊர். அங்க மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. ஊர்க்காரங்க எதிர்ப்பு, பசுமைத் தீர்ப்பாயத்துல வழக்குன்னு நிறைய செய்தி வந்துச்சு. அந்தச் செய்திகளைச் சேர்த்து, ஊர் பேர் வர்ற இடத்தை எல்லாம் தேடுறீங்கன்னு வச்சுக்கோங்க. பேட்டர்ன் தப்பானா எர்ரர் வராது. சில செய்திகள் சத்தமில்லாம விடுபட்டுப் போகும். அதுதான் ஆபத்து.

முதல் டிப்: சொற்களைப் பிரிக்க வழக்கமா பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் போடுவோம். பொட்டிப்புரம்னு கொடுத்தா ப, ட, ட, ப, ப, ரம-ன்னு ஆறு துண்டு வரும். காரணம், கொம்பு, கால், புள்ளி எல்லாம் யூனிகோடுல தனிக் குறிகள். பைத்தானோட ‘ரீ’ மாட்யூல் அதுங்களை எழுத்தா எடுத்துக்கிறதில்ல. பேக்ஸ்லாஷ் பி-யும் இதனாலயே தப்பான இடத்துல வெட்டும். பதிலா இப்படிப் போடுங்க:

[ஃ-௺]+

முழுச் சொல்லும் ஒண்ணா வரும்.

ரெண்டாவது: சிலர் ஒற்று இல்லாம பொட்டிபுரம்னு எழுதுவாங்க. அதுக்காக ப்? போட்டா, கேள்விக்குறி புள்ளியை மட்டும்தான் விருப்பமாக்கும். ‘ப’ அப்படியே கட்டாயமா நிக்கும். அதனால (?:ப்)?-ன்னு அடைப்புக்குள்ள போடுங்க. அந்த ?: முக்கியம். அது இல்லைன்னா ஃபைண்டால் முழுச் சொல்லைத் தராம, அடைப்புக்குள்ள இருக்கிற ‘ப்’பை மட்டும் தரும்.

மூணாவது: பொட்டிப்புரத்தில், பொட்டிப்புரமும்னு வேற்றுமையும் விகுதியும் சேரும்போது கடைசி ‘ம்’ மாறிடும். அதனால மாறாத பகுதியோட நிறுத்திட்டு, மிச்சத்தைத் திறந்து விடுங்க:

பொட்டி(?:ப்)?புர[ஃ-௺]*

நாலாவது: ‘பொ’வை ரெண்டு விதமா சேமிக்கலாம். ஒண்ணு, ‘ொ’ ஒரே குறியா. இன்னொண்ணு, ‘ெ’யும் ‘ா’வும் தனித்தனியா. கண்ணுக்கு ஒண்ணுதான், பைத்தானுக்கு வேற வேற. தேடுறதுக்கு முன்னாடி யூனிகோடுடேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் பண்ணி, எல்லாத்தையும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டு வந்துடுங்க.

எழுத்து எண்ணணும்னா ‘ரெஜெக்ஸ்’ங்கிற தனி மாட்யூலை இன்ஸ்டால் பண்ணுங்க. அதுல பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் போட்டா பொ, ட், டி, ப், பு, ர, ம்-னு ஏழும் சரியா வரும். பைத்தானோட ‘லென்’ கேட்டா 13-னு சொல்லும்.

கடைசியா ஒண்ணு. பத்து செய்தியைக் கையால எண்ணி, பேட்டர்ன் தர்ற எண்ணிக்கையோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போன பிறகு மொத்த ஃபைலையும் ஓட்டுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!