எண்ணெயும் முகப்பருவும்

முகப்பரு! இச்சொல்லைக் கேட்டதும் கண்ணாடியைத் தேடாத மாணவர் நம் விடுதியில் எத்தனை பேர்?

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் படிக்க வந்த ஆண்டில், அம்மா என் பெட்டியில் பருப்புப் பொடியும் ஒரு புட்டி தேங்காயெண்ணெயும் வைத்தனுப்பினார். பொடி ஒரு வாரத்தில் தீர்ந்தது. எண்ணெயை நாள்தோறும் தலையில் வழிய வழியத் தேய்த்தேன். கோடை வந்தது, நெற்றியெங்கும் பருக்கள் கிளம்பின. நம் தமிழ் மன்றத்தில் பேச அழைத்தபோது, காய்ச்சல் என்று பொய் சொல்லி அறையிலேயே கிடந்தேன். இன்று நகைக்கலாம், அன்று அது நகைப்பாக இல்லை.

பரு எவ்வாறு தோன்றுகிறது? மயிர்க்கால்களை அடுத்து நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் அவை மிகுதியாகச் சுரக்கின்றன. உதிரும் தோலணுக்கள் அந்த எண்ணெயோடு கலந்து துளையின் வாயை அடைக்கின்றன. உள்ளே கிருமிகள் பெருக, வீக்கமும் சீழும் உண்டாகின்றன. இத்தகைய தோலுக்கு எண்ணெய் உதவுமா? எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தது அது.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அது பருக் கிருமிகளை ஆய்வுக்கூடத்தில் கொல்வது உண்மையே. ஆனால் முகம் ஆய்வுக்கூடக் கிண்ணம் அன்று. அங்கே இவ்வெண்ணெய் துளையை அடைக்கவும் கூடும். தலைக்குத் தடவும் எண்ணெய்ப் பசைகளால் நெற்றியில் பரு உண்டாவதை 1970-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் விளக்கினர். என் நெற்றியின் கதையும் அதுவே. பின்னர், தலை முழுகும் நாளில் மட்டும் எண்ணெய் தேய்த்து உடனே கழுவி வந்தேன். சில மாதங்களில் நெற்றி தெளிந்தது. வேப்பெண்ணெயும் கிருமிக்குப் பகைதான். எனினும் பருவுக்கு அதன் பயன் போதிய அளவு மெய்ப்பிக்கப்படவில்லை.

ஓரளவு சான்று பெற்றது டீ ட்ரீ எண்ணெய். பெயரைக் கண்டு தேயிலை என மயங்கற்க. இது ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து வடிப்பது. 1990-இல் அந்நாட்டில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், நூற்றுக்கு 5 பங்கு இவ்வெண்ணெய் கலந்த களிம்பை, அதே அளவு பென்சாயில் பெராக்சைடு மருந்தோடு ஒப்பிட்டனர். இரண்டும் பருவைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாகவே வேலை செய்தது. ஆனால் எரிச்சல் முதலிய தொல்லைகள் அதில் குறைவு.

நூற்றுக்கு 5 என்பதை மறவாதீர். என் அறைத்தோழர் பொறுமையின்றி, எதுவும் கலவாத எண்ணெயையே கன்னத்தில் தடவினார். பரு போகவில்லை, தோல்தான் உரிந்தது. ஆகவே, அளவாகக் கலந்த களிம்பையே வாங்கி, முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ கண்டால் விட்டுவிடுங்கள். இவ்வெண்ணெயை ஒருபோதும் உட்கொள்ளாதீர்.

பருவைக் கிள்ளாதீர். கட்டிபோல் வலித்தாலும், வடு விழுந்தாலும் எண்ணெயை நம்பிக் காலங்கடத்தாமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். பருவுக்கு அஞ்சி மட்டும் அறையில் ஒளியாதீர், நண்பர்களே! அன்று நான் பேசாத பேச்சு இன்னும் என் நெஞ்சிலேயே கிடக்கிறது.