ஓர் இரவுக் கிடை

கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, கொல்லம் போகும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி நடந்தால், அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காகச் செம்மறிக் கிடை போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆடுகளோடு ஆட்டுக்காரர் குடும்பமும் ஊர் ஊராக நகர்கிறது. வீடு சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும். வீட்டு வேலை மட்டும் கூடவே வரும். பம்புசெட் ஓடும்போதுதான் குளியல், துணி துவைப்பு, குடிக்கக் குடம் நிரப்புவது எல்லாம். அரிசி பருப்புக்கு ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் டவுனுக்குப் போவார். செல்போனுக்குச் சார்ஜ் ஏறுவது டீக்கடையில்.

பொழுது சாய்ந்து மேய்ச்சல் திரும்பியதும், கூட்டில் அடைத்திருந்த குட்டிகளைத் திறந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் ஒரே கத்தல். பிறகு ஒவ்வொன்றும் தன் தாய் மடியை முட்டிக்கொண்டிருக்கும். ஈன்ற சில மணி நேரத்துக்குள், ஈரக் குட்டியை நக்கும்போதே அதன் வாசனை தாயின் மூளையில் பதிந்துவிடுகிறது; பிரசவத்தில் சுரக்கும் ஆக்சிடோசின் அதற்குத் துணை. வேற்றுக் குட்டி வாய் வைத்தால் தள்ளிவிடும். முகமும் மறக்காது. கீத் கென்ட்ரிக் குழு இங்கிலாந்தில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், செம்மறிகள் 50 ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தன. இந்த விலங்கின் பெயரால்தான் நாம் ‘மந்தை புத்தி’ என்று ஏசுகிறோம்!

இருட்டிய பிறகுதான் கிடையின் பெரிய வேலை. படலுக்குள் படுத்த ஆடுகள் அசைபோடத் தொடங்கும். முதல் இரைப்பையில், ஏறக்குறைய 39 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நமக்குச் செரிக்காத தாளையும் நாரையும் நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கின்றன. காய்ந்த மேய்ச்சலில் புரதம் குறைவு. அதனால் கல்லீரல் உண்டாக்கும் யூரியாவில் பெரும்பங்கை ஆட்டின் உடம்பு வெளியேற்றாமல், எச்சில் வழியாகவும் இரத்தம் வழியாகவும் இரைப்பைக்கே திருப்புகிறது. நுண்ணுயிரிகள் அதைக் கொண்டு புரதம் செய்து வளர்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிரிகளையே ஆடு செரித்துக்கொள்கிறது. இவ்வளவு அழகான சிக்கனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மிஞ்சிய யூரியா மூத்திரத்தோடு வயலில் இறங்குகிறது. உரக்கடை மூட்டையில் இருப்பதும் இதே மூலக்கூறுதான். ஃபிரெடரிக் வோலர் 1828இல் அதைச் சோதனைச்சாலையில் செய்து காட்டினார். ஆலையில் அதற்கு முதலில் அம்மோனியா வேண்டும். அதைச் செய்ய 400 பாகை அளவு வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. இங்கே கண்மாய்க்குள்ளும் தரிசிலும் மேய்ந்த புல்லும் சீமைக்கருவேல நெற்றும் போதும். மூத்திரத்தில் பொட்டாசியமும், புழுக்கையில் பாஸ்பரசும் மக்கும் பொருளும் கூடவே வருகின்றன.

விடிகாலையில் கிடைக்குப் பக்கத்தில் போனால் மூக்கு எரியும். மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்க, அது அம்மோனியாவாகப் பறந்துகொண்டிருக்கிறது. காரத்தன்மை கொண்ட கரிசலில், வெயில் ஏற ஏற இழப்பு கூடும். உடனே உழுது மூடினால், களித்துகள்கள் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிடை எழுந்த கையோடு உழவு போடும் சம்சாரி, செய்யவேண்டியதைச் சரியாகச் செய்கிறார்.

சம்சாரி ஆட்டுக்காரருக்குத் தரும் கிடைக்கூலி முன்பு தானியமாக இருந்தது, இப்போது பணம். மூட்டை யூரியாவுக்கு அரசு மானியம் தருகிறது. ஆட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல் நிலத்தையும் கண்மாய்ப் புறம்போக்கையும் விட்டுவைப்பதை அதே உரக் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.