டியூப்லைட்டிடம் ஏமாந்த ஹாம்ஸ்டர்

'வின்டர் ஒயிட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், மார்கழி போய் மாசியும் வந்தாயிற்று, இன்னும் சாம்பலாகவே இருக்கிறது' என்று குறைப்படுபவர்கள் உண்டு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஏமாந்தது ஹாம்ஸ்டர்தான், ஏமாற்றியது வீட்டு டியூப்லைட்.

வின்டர் ஒயிட் என்பது ஒரு எலுமிச்சம்பழ எடைகூட ஏறாத குட்டை ஹாம்ஸ்டர். முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு, பனியில் நடக்க வசதியாக உள்ளங்காலிலும் ரோமம். சொந்த மண் மேற்குச் சைபீரியாவும் கஜகஸ்தானும். 1773இல் இதை விவரித்து எழுதியவர், ரஷ்யாவில் பணியாற்றிய ஜெர்மானிய இயற்கையியலாளர் பீட்டர் சைமன் பல்லாஸ்.

அங்கே குளிர்காலம் வந்தால் இது வெள்ளையாகிவிடும். குளிர்தான் காரணம் என்று நினைப்போம். இல்லை, பகல் குறுகுவதுதான். இரவு நீள நீள, மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனினைக் கூடுதல் நேரம் சுரக்கிறது. உடம்புக்கு அதுதான் காலண்டர். பழைய ரோமம் உதிர்ந்து வெள்ளை முளைக்கிறது, இனப்பெருக்கம் நிற்கிறது, எடையிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைகிறது. குளிருக்கு முன் கொழுப்பு சேர்ப்பதல்லவா விலங்குகளின் வழக்கம்? இதன் கணக்கு வேறு: உடம்பு சிறுத்தால் தீனி குறைவாகப் போதும், பனியில் அலைய வேண்டியதில்லை. அதற்கும் மேலே சிக்கனம் ஒன்று உண்டு. பகலில் சில மணி நேரம் உடல்வெப்பத்தை 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறக்கிக்கொண்டு மரத்துக் கிடக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். செத்துவிட்டது என்று அவசரப்பட்டுப் புதைத்துவிடக் கூடாது!

ராத்திரி பத்து மணிவரை விளக்கெரியும் கூடத்தில் இருக்கும் ஹாம்ஸ்டருக்குக் கோடை முடிவதே இல்லை. வெள்ளைச் சட்டைக்கு வேளையும் வருவதில்லை.

மற்றபடி எல்லா ஹாம்ஸ்டர்களையும்போலத்தான்: கன்னப்பையில் தானியத்தை அடைத்துக்கொண்டு போய்ப் பதுக்கும், வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களைத் தேய்க்க எதையாவது கொறிக்கும். கர்ப்பகாலம் 18 நாள்தான். ஆயுள் பெரும்பாலும் இரண்டு வருடத்தைத் தாண்டாது.

வளர்க்க நினைப்பவர்கள் கூண்டை டிவி இருக்கும் கூடத்தில் வைக்காதீர்கள். பகலில் அது தூங்கும்போது குழந்தைகளைத் தொடவிடவும் வேண்டாம். திடுக்கிட்டு எழுந்தால் கடித்துவிடும்.