'அப்டேட்' போட்டதும் 'வை-பை' காணோமா? கார்டு மாத்த பணம் கொடுக்கும் முன்பு இதை பாருங்க!

கோட்டையூர்,

ராத்திரி படுக்கப் போகும்போது லேப்டாப் நன்றாகத்தான் இருந்தது. மூடும் நேரத்தில் "அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்" என்று ஒரு அறிவிப்பு. காலையில் ஹால் டிக்கெட் எடுக்கலாம் என்று திறந்தால் 'வை-பை' குறியீட்டையே காணோம். கடைக்கு தூக்கிக்கொண்டு போனால் "கார்டு போச்சு, மாத்தணும்" என்கிறார்கள்.

பல வீடுகளில் நடக்கிற கதை இது. உண்மை என்னவென்றால், அப்டேட் போட்ட மறுநாளே வை-பை கார்டு செத்துப்போவது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் 'டிரைவர்' என்ற மென்பொருளில்தான் இருக்கும். அதை சரி செய்ய காசு வேண்டாம். அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

வள்ளல் அழகப்ப செட்டியாரின் சொந்த ஊரான கோட்டையூரில் இருந்து பக்கத்து காரைக்குடியில் உள்ள கல்லூரிகளுக்கும், அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் போய் வரும் பிள்ளைகள் ஏராளம். பல வீடுகளில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர், அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான். 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைத்த திட்டம் அது. அண்ணனுக்கு கிடைத்த லேப்டாப்பை இன்றைக்கு தங்கை வைத்துக்கொண்டிருப்பாள். அது முடங்கினால் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், கவுன்சிலிங், டி.என்.பி.எஸ்.சி. எல்லாமே முடங்கும்.

ரூட் தெரியாத டிரைவர்

வை-பை கார்டு என்பது பஸ் மாதிரி. அதை ஓட்டுகிற மென்பொருளுக்குப் பெயரே டிரைவர்தான். அப்டேட் வரும்போது சில சமயம் பழைய டிரைவரை இறக்கிவிட்டு புது ஆளை ஏற்றிவிடும். பஸ் நல்ல பஸ்தான். புது ஆளுக்கு ரூட் தெரியாது, நடுவழியில் நிற்கிறது. அதற்காக யாராவது பஸ்சையே மாற்றுவார்களா?

இந்த தவறு மைக்ரோசாப்ட் கம்பெனிக்கே நடந்து இருக்கிறது. 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டை போட்டவர்களில் பலருக்கு வை-பை கிடைக்கவில்லை. அதிலும் கல்லூரி, அலுவலகங்களில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைகிற வை-பையில்தான் அதிக பாதிப்பு. வீட்டு வை-பையில் பெரிதாக தெரியவில்லை. 'கார்டு போச்சு' என்று அன்றைக்கு எத்தனை பேர் பயந்தார்களோ! கடைசியில் தவறு அப்டேட்டில்தான் என்று அந்த கம்பெனியே ஒப்புக்கொண்டு, அந்த மாற்றத்தை நெட் வழியாகவே திரும்பப் பெற்றது.

முதலில் சுவரை பாருங்கள்

வேறு எதையும் தொடும் முன்பு, அதே வை-பையில் செல்போன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செல்போனிலும் இல்லை என்றால் கோளாறு லேப்டாப்பில் இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இணைப்பு கொடுத்தவரை கூப்பிடுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சுண்ணாம்பு பூசிய கனமான சுவர்கள். முகப்பில் மோடத்தை வைத்துவிட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்தால் சிக்னல் நொண்டத்தான் செய்யும். வை-பையில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் உள்ளன. 5 வேகமானது, ஆனால் சுவரை தாண்டுவதில் சோப்ளாங்கி. அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் 5-ஐ பிடித்துக்கொண்டு தொங்குவதும் உண்டு. மோடம் பக்கத்திலேயே லேப்டாப்பை கொண்டுபோய் வையுங்கள். அங்கே வேலை செய்தால் 2.4 பெயரில் வரும் இணைப்பை தேர்வு செய்தால் போதும்.

அடுத்தது 'ஏரோபிளேன் மோடு'. கீபோர்டின் மேல் வரிசையில் விமானம் அல்லது ஆன்டெனா படம் போட்ட பட்டன் இருக்கும். கை பட்டு அது அழுந்தி இருந்தாலும் வை-பை காணாமல் போகும். இதைக்கூட பார்க்காமல் கடைக்கு கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' இல்லை, ரீஸ்டார்ட். ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் போகிறது, பழைய குழப்பத்தை அப்படியே வைத்திருந்து மறுபடி எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாக முழிக்கும்.

பழைய டிரைவரை கூப்பிடுங்க

அப்போதும் வரவில்லையா? விண்டோஸ் பட்டனையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்', அதற்குள் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்'. அங்கே வயர்லெஸ் அல்லது வை-பை என்ற சொல்லோடு இன்டெல், ரியல்டெக், குவால்காம், மீடியாடெக் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். பெயர் தெரிந்தாலே பாதி நிம்மதி. கார்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பெயர் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் வலது பட்டனை அழுத்தி 'எனேபிள்' கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் 'பிராபர்ட்டிஸ்' போய், 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்துங்கள். இறக்கிவிடப்பட்ட பழைய டிரைவர் திரும்ப வந்து உட்காருவார். அந்த பட்டன் மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே டிரைவரை மறுபடி போடும். ஆனால் அப்போது 'டிரைவரையும் அழிக்கவா' என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். சரியான டிரைவரை நெட்டில் எடுக்கலாம், நெட்டே இல்லையே? அதற்கு வழி கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு செல்போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் சொருகி, செட்டிங்சில் 'யு.எஸ்.பி. டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். வை-பை இல்லாமலே லேப்டாப்பில் நெட் வந்துவிடும். சில மலிவு கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், அப்படி இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அவசரமாக ஹால் டிக்கெட் எடுக்க வேண்டியவர்கள் முதலில் இதை செய்து வேலையை முடித்துவிடலாம், ரிப்பேர் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். டிரைவரை லேப்டாப் கம்பெனியின் சொந்த தளத்தில் மட்டும் எடுங்கள். மாடல் எண் அடிப்பக்கத்தில் ஒட்டி இருக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் செட்டிங்சில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. சேமித்து வைத்த வை-பை பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும், முன்கூட்டியே ஒரு துண்டு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்டேட் மேலேயே சந்தேகம் என்றால் 'அப்டேட் ஹிஸ்டரி' போய் கடைசியாக வந்ததை நீக்கலாம். விண்டோஸ் 10-ல் இருந்து 11-க்கு மாறியவர்கள் 10 நாட்களுக்குள் 'கோ பேக்' கொடுத்து பழையதற்கே திரும்ப முடியும். அதன்பிறகு அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வைக்கலாம். அடியோடு நிறுத்துவது ஆபத்து.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்துவிட்டது. பழைய இலவச லேப்டாப்கள் பெரும்பாலும் 11-க்கு தகுதி இல்லாதவை. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றுகிறவர்களுக்கு வை-பை சிக்கல் வருவது ஆச்சரியம் இல்லை. அந்த காலத்து கார்டுக்கு 11-க்கான டிரைவர் கம்பெனி தளத்தில் இல்லாமல் போகலாம். 10-க்கான டிரைவரை போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும்.

தொடக்கத்தில் வந்த இலவச லேப்டாப்களில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. லினக்சில் அப்டேட்டுக்குப் பிறகு வை-பை போனால், ஆன் செய்யும்போது வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலை தேர்வு செய்தால் பழையபடி வந்துவிடும்.

எப்போது கடைக்கு போகலாம்?

டிவைஸ் மேனேஜரில் கார்டு பெயரே இல்லை, லினக்சிலும் தெரியவில்லை, லேப்டாப் கீழே விழுந்ததாகவும் ஞாபகம் இருக்கிறது என்றால் கார்டில் கோளாறு இருக்கலாம். அப்போதும் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும் யு.எஸ்.பி. வை-பை குச்சியை சொருகினால் வேலை நடக்கும். 'பார்மெட் போட்டால் சரியாயிடும்' என்று சொன்னால், படங்களையும் புராஜெக்டையும் பென் டிரைவில் எடுத்த பிறகே லேப்டாப்பை கொடுங்கள். பார்மெட்டில் அழிந்த பைலை மீட்பது பெரும்பாடு.

நெட்டில் வழி தேடும்போது "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்" என்று திரை அலறினால் அது மோசடி. மைக்ரோசாப்ட் தனது எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவது இல்லை. அப்படி கூப்பிட்டு பணத்தை பறிகொடுத்து இருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.