மூன்று மாணவிகளும் ஓர் இசைக்குழுவும்

கிற்றார், பேஸ் கிற்றார், ட்றம்ஸ் ஆகிய வாத்தியங்களோடு உரத்துப் பாடுவது ரொக் இசை. மேற்கு நாடுகளில் 1950களில் தோன்றிய இவ்விசையில் பெரும்பாலும் ஆண்களே குழு அமைத்து மேடையேறி வந்துள்ளனர். ஆனால் எம்மைப் போலவே ஊரடங்கையும் சோதனைச் சாவடிகளையும் பார்த்து வளர்ந்த மூன்று பெண் பிள்ளைகள் இந்தியாவின் காஷ்மீரில் இப்படி ஒரு குழுவை அமைத்தார்கள். அவர்களுக்கு நேர்ந்ததை எமது பெண்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

குழு உருவான விதம்

காஷ்மீரில் 1989 தொடக்கம் ஆயுத மோதல் மூண்டது. சினிமாத் தியேட்டர்கள் மூடப்பட்டன. கணவன் காணாமலாக்கப்பட்டு, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வாழும் பெண்களை அங்கு 'அரை விதவைகள்' என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல்லின் பாரம் எமக்கு விளக்கத் தேவையில்லை.

அந்த மண்ணில், ஸ்ரீநகரில், 2012ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவிகள் மூவர் ஒன்று சேர்ந்தனர். நோமா நசீர் பாடினார், கிற்றாரும் வாசித்தார். ஃபாரா தீபா ட்றம்ஸ் அடித்தார். அனீக்கா காலித் பேஸ் கிற்றார் வாசித்தார். அட்னான் மட்டூ என்ற இசைக் கலைஞரின் பயிற்சி நிலையத்தில் பழகினார்கள். குழுவுக்கு 'பிரகாஷ்' என்று பெயர் வைத்தார்கள். நாம் சொல்லும் பிரகாசம்தான் அது.

2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுப் போட்டியில் மேடையேறிப் பரிசும் பெற்றார்கள். அதுவே அவர்களின் முதல் மேடை, கடைசி மேடையும்கூட. பேஸ்புக்கில் வசைகளும் பாலியல் வன்முறை மிரட்டல்களும் குவிந்தன. முதலமைச்சர் ஒமர் அப்துல்லா அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். பொலிசார் வழக்குப் பதிந்து சிலரைக் கைதும் செய்தார்கள். ஆனால் 2013 பெப்ரவரியில் தலைமை முப்தி, பெண்கள் இவ்வாறு பாடுவது மார்க்கத்துக்கு முரண் என்று அறிவித்தார். ஓரிரு நாட்களுக்குள் மூவரும் குழுவைக் கலைத்துவிட்டனர்.

எங்கே தவறியது?

'இது எங்கள் பண்பாடு அல்ல' என்பதே அவர்கள் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. ஆனால் அதே காஷ்மீரில் ராஜ் பேகம் 1950களிலேயே வானொலியில் பாடிப் புகழ் பெற்றவர். 2002இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றவர். கல்யாண வீடுகளில் வரிசையாக நின்று பாடுபவர்களும் அங்கு பெண்களே. ஆகவே பெண் பாடுவது அங்கு புதிதல்ல. கையில் கிற்றாருடன், பொது மேடையில், தாமே குழு அமைத்துப் பாடியதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் போட்டியை நடத்தியதில் இந்தியாவின் துணை இராணுவப் படைக்குப் பங்கிருந்தது. யுத்தம் நடந்த மண்ணில் யாருடைய மேடை என்ற கேள்வி எப்போதும் எழும். படையினர் மீதிருந்த கோபமும் அந்தப் பிள்ளைகளின் தலையிலேயே விழுந்தது.

தாக்குப்பிடித்த குழு

இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் காருட் மாவட்டத்துக் கிராமப்புறப் பள்ளியில் 2014இல் மூன்று மாணவிகள் 'வொய்ஸ் ஒஃப் பாச்செப்ரொட்' என்ற குழுவை அமைத்தனர். மார்ஸ்யா பாடிக் கிற்றார் வாசிக்க, விடி பேஸ் கிற்றாரும் சித்தி ட்றம்ஸும் வாசிக்கிறார்கள். மூவரும் ஹிஜாப் அணிந்த முஸ்லிம் பெண்கள். 'பாச்செப்ரொட்' என்றால் அவர்களது சுண்டா மொழியில் சத்தம் போடுவது என்று பொருள். அவர்களுக்கும் மிரட்டல்கள் வந்தன, வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் அவர்களை இந்த இசைக்கு அறிமுகப்படுத்திய பள்ளி ஆசிரியர் தொடர்ந்து பக்கத்தில் நின்றார். 2024 ஜூனில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிளாஸ்டன்பரி இசைவிழாவில் பாடிய முதல் இந்தோனேசியக் குழு அவர்களுடையது.

ஆகவே இதனை ஒரு மதத்தின் பிரச்சினையாகப் பார்ப்பது தவறு. எமது தமிழ்க் கிராமங்களிலும் கதை இதுதான்.

எம்மிடையே

கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தியில் குரவை போடுவது நாங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் எங்களுடையவை. ஆனால் பறையும் உடுக்கும் பெரும்பாலும் ஆண்களின் கையில். குருக்கள்மடத்தில் ஒரு கூட்டத்தில் கலை நிகழ்ச்சி பற்றிக் கதைத்தபோது ஒரு தாய் கேட்டார்: "பிள்ளை மேடையேறினா நாளைக்கு ஆரு கலியாணம் முடிப்பான்?" கணவனை இழந்து தனியே மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர் அவர். அவரது பயம் நியாயமானது. அதைக் கேலி செய்யாமல் அவரோடு சேர்ந்து அதற்குப் பதில் தேடுவதே எமது வேலை.

பிள்ளைகள் பாடவோ, பறை அடிக்கவோ, நாடகம் போடவோ விரும்பினால் பழகும் இடத்தில் இரண்டு தாய்மார் உட்கார்ந்திருக்கலாம். முதல் மேடை எங்கள் பெண்கள் சங்க மேடையாகவே இருக்கட்டும். ஒரு குழுவோடு நிறுத்தாமல் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்தால் ஏச்சு மூன்று பேர் மேல் மட்டும் விழாது. தொலைபேசியில் அசிங்கமான செய்தி வந்தால் "நீ ஏன் படம் போட்டாய்?" என்று பிள்ளையை ஏசாமல், அச்செய்தியை அழிக்காது சேமித்து முறைப்பாடு செய்ய வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1929.

ஸ்ரீநகர் மாணவிகளைப் பாராட்டிப் பேசியவர்கள் பலர். ஆனால் மிரட்டல் வந்த இரவுகளில் அவர்களது வீட்டுக்குப் போய்க் கூட இருக்க எத்தனை பெண்கள் இருந்தார்கள்? எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் யார் யார் போவோம் என்பதை அடுத்த கூட்டத்திலேயே பேசி வைத்துக்கொள்வோம்.