தராசு சொல்வது நிறையா, திணிவா?

தமிழ்நாட்டுப் பௌதிக நூல்களை வாங்கி வைத்துப் படிக்கிற எங்கட மாணவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அங்கே ‘நிறை’ என்றால் ஒரு பொருளில் அடங்கியிருக்கும் சடத்தின் அளவு. அதைத்தான் நாம் இங்கே ‘திணிவு’ என்கிறோம். நமது நூல்களில் ‘நிறை’ என்பது அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘எடை’. பாக்கு நீரிணையைத் தாண்டியதும் ஒரே சொல் வேறு பொருள் தருகிறது. இக்கட்டுரையில் நான் இலங்கை வழக்கையே கையாள்கிறேன்.

“ரெண்டும் ஒண்டுதானே சேர்? கடையில கிலோக் கணக்குலதானே நிறுக்கிறாங்க?” என்று வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஓர் இடத்திலேயே இருக்கும் வரைக்கும் வித்தியாசம் புலப்படாது. திணிவு இரு மடங்கானால் நிறையும் இரு மடங்காகும். இடத்தை மாற்றிப் பார்த்தால்தான் இரண்டும் பிரியும்.

60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பூமியில் ஈர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.8. எனவே அவருடைய நிறை 588 நியூட்டன். சந்திரனில் அந்த ஆர்முடுகல் 1.62, நிறை 97 நியூட்டன்தான். செவ்வாயில் 3.7, நிறை 222 நியூட்டன். மூன்று இடத்திலும் திணிவு அதே 60 கிலோகிராம். அவருடைய சதையிலோ எலும்பிலோ எதுவும் குறைந்துவிடவில்லை.

சந்திரனில் ஓர் அரிசி மூட்டையைத் தூக்குவது லேசு. 50 கிலோ மூட்டை, இங்கே 8 கிலோ சாமானைத் தூக்குவது போலத்தான் இருக்கும். ஆனால் அதே மூட்டை ஒரு வண்டியில் வேகமாக உருண்டு வந்து உங்கள் மீது மோதினால், இங்கே எப்படி அடிக்குமோ அப்படியே அங்கேயும் அடிக்கும். தூக்கும்போது கைக்குத் தெரிவது நிறை. தள்ளும்போதும் நிறுத்தும்போதும் எதிர்த்து நிற்பது திணிவு.

பாரமானது முந்தி விழும் என்ற எண்ணத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. 2 கிலோ கல்லை, 1 கிலோ கல்லைவிடப் பூமி இரு மடங்கு விசையுடன் இழுப்பது மெய். ஆனால் அதை அசைப்பதற்கும் இரு மடங்கு விசை வேண்டுமே! ஒன்றை ஒன்று ஈடுசெய்வதால் இரண்டும் சமமாகவே வேகம் பெறுகின்றன. தேங்காய் ‘தொம்’ என்று விழ, தென்னம்பூ ஆடி அசைந்து வருவதற்குக் காரணம் காற்றின் தடை. காற்று இல்லாத சந்திரனில் 1971 ஓகஸ்ட் மாதம் அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. ஏறத்தாழ 1.6 மீற்றர் உயரத்திலிருந்து விழ அங்கே 1.4 செக்கன் போகும். இங்கே சுத்தியலுக்கு 0.6 செக்கன் போதும்.

பூமிக்குள்ளேயே நிறை மாறுகிறது. பூமி சுழல்வதாலும், மத்தியகோட்டருகே சற்றுப் புடைத்திருப்பதாலும் ஈர்ப்பு ஆர்முடுகல் அங்கே 9.78, துருவத்தில் 9.83. கொழும்பில் சரிபார்த்த விற்றராசொன்றை அப்படியே லண்டனுக்குக் கொண்டுபோய் நூறு பவுண் நகையை, அதாவது 800 கிராமை, நிறுத்தால் சுமார் இரண்டரைக் கிராம் கூடுதலாகக் காட்டும். நகை ஒரு குண்டுமணியும் கூடவில்லை, இழுவைதான் கூடியிருக்கிறது. நகைக்கடை டிஜிட்டல் தராசுகளில் பெரும்பாலானவையும் விசையைத்தான் உணர்கின்றன. ஆகவேதான் அவற்றைப் பாவிக்கும் இடத்திலேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பழைய இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு தட்டில் நகை, மறு தட்டில் படி. ஈர்ப்பு கூடினால் இரண்டுக்கும் கூடும், குறைந்தால் இரண்டுக்கும் குறையும். சந்திரனிலும் அது பொய் சொல்லாது.

தராசைப் பற்றிப் பேசும்போது அல்காஸினீயை விட்டுவிட முடியாது. மர்வ் நகரில் வாழ்ந்த இவர் 1121 அளவில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற நூலை எழுதினார். பொருளை நீரில் அமிழ்த்தி நிறுத்து, பொன்னிலே கலப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் தராசை அதில் விவரிக்கிறார். ஒரு பொருளின் பாரம் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தைப் பொறுத்து மாறும் என்றும் சொன்னார். நியூட்டனுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முந்திய கருத்து இது. அதற்காக, ஈர்ப்பு விதியை நம்மவர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார் என்று மேடையில் முழங்குவது சரியல்ல. மையத்தை விட்டு விலக விலகப் பாரம் கூடும் என்பது அவர் கொள்கை. பூமிக்கு வெளியே போகப் போக ஈர்ப்பு குறைகிறது என்பதே இன்று நாம் அறிந்தது. பாரம் இடத்துக்கு இடம் மாறலாம் என்று அவர் துணிந்து எண்ணியதே பெருமைக்குப் போதுமானது. இல்லாததைச் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை.

இப்பாடத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஒரு விற்றராசையும் ஓர் இரட்டைத் தட்டுத் தராசையும் மேசையில் வையுங்கள். “இவை இரண்டையும் சந்திரனுக்குக் கொண்டுபோனால் எது இங்கே காட்டியதையே அங்கேயும் காட்டும்? ஏன்?” என்று கேளுங்கள். அந்த ‘ஏன்’ என்பதற்கு விடை சொல்லும் பிள்ளைக்கு, எந்த நாட்டு நூலில் எந்தச் சொல் இருந்தாலும் குழப்பம் வராது.